மாஸ்டர் சான்றிதழ்: இந்தியாவில் எழுதுவதா, பிரிட்டனில் எழுதுவதா?

கையில் வணிகக் கப்பல் அதிகாரிக்கான செகண்ட் மேட் சான்றிதழ் இருக்கிறது. தேர்ட் ஆபீஸராகவோ செகண்ட் ஆபீஸராகவோ பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) காவல் நின்று, அடுத்த தேர்வுக்கு வேண்டிய கடற்பணிக்காலமும் சேர்ந்துவிட்டது. இனி ஏற வேண்டிய படிகள் இரண்டு: கேப்டனுக்கு அடுத்த நிலையான சீஃப் மேட், அதற்கு மேல் கேப்டனாகிய மாஸ்டர். இவற்றை இந்தியாவிலேயே ஏறுவதா, கடன் வாங்கியாவது பிரிட்டனுக்குப் போய் ஏறுவதா என்ற கேள்வியில் தமிழ்நாட்டு இளம் அதிகாரிகள் பலர் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். இடையில் சிங்கப்பூரின் பெயரும் அடிபடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு இந்தியாவே சரி. பிரிட்டன் பொருந்துகிறவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் போவதானாலும், முடிவெடுக்க வேண்டிய நேரம் சீஃப் மேட் வகுப்பில் சேர்வதற்கு முன்புதான். "இப்போதைக்கு சீஃப் மேட்டை இங்கே முடித்துவிடுவோம், மாஸ்டர் எழுதும்போது வெளிநாட்டைப் பற்றி யோசிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு அதிகம் செலவழிக்கிறார்கள். பிரிட்டனில் மாஸ்டர் நிலைக்கென்று தனியாக எழுத்துத் தேர்வு கிடையாது. சீஃப் மேட் நிலையில் எழுதும் கடற்பயணவியல் தாளும் கப்பலின் நிலைத்தன்மைத் தாளும் மாஸ்டருக்கும் சேர்த்தே நடப்பவை. அவற்றில் தேறி சீஃப் மேட் சான்றிதழ் பெற்றவருக்குப் பிறகு கடற்பணிக்காலமும் வாய்மொழித் தேர்வும்தான் மிச்சம். இந்தியாவில் சீஃப் மேட் முடித்துவிட்டு மாஸ்டருக்கு மட்டும் அங்கே போகிறவர், முடித்ததாக நினைத்திருந்த எழுத்துத் தேர்வுகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிவரும்.

இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே

எந்த நாடு சான்றிதழ் கொடுத்தாலும் அதற்கு அடிப்படை கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல் ஆகியவற்றுக்கான, எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை. அது 1995இலும், மணிலாவில் 2010இலும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 3,000 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களின் மாஸ்டர், சீஃப் மேட் ஆகியோருக்கான விதிகள் அதன் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளன. அதன்படி, சீஃப் மேட் சான்றிதழுக்குக் காவல் அதிகாரியாகக் குறைந்தது 12 மாதக் கடற்பணி வேண்டும். மாஸ்டருக்கு 36 மாதம். அதில் 12 மாதமாவது சீஃப் மேட்டாகவே பணிபுரிந்திருந்தால் 24 மாதம் போதும். இது சர்வதேசக் குறைந்தபட்சம். ஒரு நாடு இதற்கு மேலும் கேட்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீஃப் மேட் சான்றிதழ் கிடைத்த மறுநாளே நிறுவனம் உங்களை சீஃப் மேட்டாக ஏற்றிவிடாது. செகண்ட் ஆபீஸராகவே இன்னும் சில ஒப்பந்தங்கள் ஓடலாம். ஆகவே எந்த நாட்டில் படித்தால் சீக்கிரம் முடியும் என்று மாதங்களை எண்ணுவதைவிட, உங்கள் நிறுவனம் எப்போது பதவி உயர்வு கொடுக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது மேல். மாஸ்டராகும் வயதைத் தீர்மானிப்பதில் கல்லூரியைவிட அதற்கே பங்கு அதிகம். டேங்கர் கப்பல்களில் இது இன்னும் கடுமை. உயர்நிலை டேங்கர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மேல், பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மாஸ்டர், சீஃப் மேட் இருவரின் அனுபவ ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்துத்தான் கப்பலை ஏற்றுக்கொள்கின்றன.

உண்மையில் படிப்பது என்ன?

நாட்டை ஒப்பிடுவதற்கு முன் பாடத்தைப் பார்க்க வேண்டும். பாடத்தின் கனம் தெரியாமல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

செகண்ட் மேட் நிலையில் நீங்கள் கற்றது காவல் நிற்க. சீஃப் மேட், மாஸ்டர் என்ற மேலாண்மை நிலையில் கற்பது, காவல் நிற்பவர் எழுப்பி அழைக்கும்போது என்ன செய்வது என்பதை. நிலைத்தன்மைப் பாடத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நேராக நிற்கும் கப்பலின் நிலைத்தன்மையைக் காட்டும் ஜி.எம். உயரம் எவ்வளவு என்று கணக்கிடுவது பழைய பாடம். இப்போது, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் நெம்புநீளமான ஜி.இசட். ஒவ்வொரு சாய்விலும் எவ்வளவு என்று காட்டும் வளைகோட்டை வரைந்து, சர்வதேச நிலைத்தன்மை விதித்தொகுப்பு கேட்கும் அளவுகளோடு ஒப்பிட வேண்டும். தொடக்க ஜி.எம். 0.15 மீட்டருக்குக் குறையக் கூடாது; 30 டிகிரி வரை வளைகோட்டின் கீழ்ப் பரப்பு 0.055 மீட்டர்-ரேடியனாவது இருக்க வேண்டும். 30 டிகிரியிலோ அதற்கு மேலோ ஜி.இசட். 0.20 மீட்டரையாவது எட்ட வேண்டும். தானியச் சரக்கு நகர்ந்தால் எவ்வளவு சாய்வு வரும், உலர்துறையில் கட்டைகள் மேல் கப்பல் அமரத் தொடங்கும்போது நிலைத்தன்மை எப்படிக் குறைகிறது, ஓர் அறையில் நீர் புகுந்தால் கப்பல் எங்கே நிற்கும் என்பவையெல்லாம் இதிலேயே அடங்கும்.

இதைத் தேர்வுக்கான கணக்கு என்று மட்டும் நினைப்பவர்கள் பல்க் ஜூபிடர் கப்பலை நினைத்துப் பார்க்கட்டும். மலேசியாவின் குவாந்தானில் பாக்சைட் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்தக் கப்பல் 2015 ஜனவரி 2ஆம் தேதி வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 19 பேரில் 18 பேர் இறந்தார்கள். ஈரம் மிகுந்த கனிமச் சரக்கு குழம்பாகி ஓடத் தொடங்கினால் கப்பல் நிமிரும் ஆற்றலை இழக்கிறது. சரக்கின் ஈரப்பதச் சான்று சரியா, மழையில் கிடந்த குவியலை ஏற்றச் சொன்னால் மறுப்பதா என்று கேட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் சீஃப் மேட்டும் மாஸ்டரும்தான். திடச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பைப் பாடமாக வைத்திருப்பது இதற்காகவே.

வானிலையும் அப்படித்தான். வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் ஆபத்தான பாதி என்பது செகண்ட் மேட்டுக்கே தெரியும். மாஸ்டர் நிலையில் கேள்வி வேறு: வந்திருக்கும் வானிலை அறிக்கை எத்தனை மணி நேரம் பழையது, அதை நம்பிப் பாதையை முடிவு செய்யலாமா? 2015 அக்டோபர் 1ஆம் தேதி ஹோவாக்கின் சூறாவளியில் எல் ஃபாரோ என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கி 33 பேர் இறந்ததை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், காலாவதியான வானிலைத் தகவலை மாஸ்டர் நம்பியதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடுகிறவர்களுக்கு இந்தப் பாடத்தின் அவசியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப் பகுதியைத்தான் மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். சரக்கு ரசீதில் கையெழுத்திடுவது, பொதுச் சேதப் பங்கீடு, 1989ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கை, லாய்ட்ஸ் திறந்த படிவத்தில் "பலன் இல்லையேல் ஊதியம் இல்லை" என்று ஒப்பந்தம் செய்வது, துறைமுக ஆய்வாளர் கப்பலை நிறுத்தி வைத்தால் செய்ய வேண்டியவை, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எனப் பட்டியல் நீள்கிறது. நடுவில் ஒரு விதி தூணாக நிற்கிறது. பாதுகாப்புக்கும் சூழல் காப்புக்கும் மாஸ்டர் எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ தடுக்க முடியாது என்று கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. அந்த அதிகாரத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. 2020 ஜூலையில் மொரீஷியஸ் கரையோரப் பவளப்பாறையில் வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தது. உரிமையாளர் ஜப்பானிய நிறுவனம், கப்பலின் கொடி பனாமா, மாஸ்டர் இந்தியர், முதல் அதிகாரி இலங்கையர். 2021 டிசம்பரில் மொரீஷியஸ் நீதிமன்றம் அந்த இருவருக்கும் 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அங்கே சான்றிதழ் எந்த நாட்டுடையது என்று யாரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை.

இந்திய வழி

இங்கே சான்றிதழுக்குப் பொறுப்பு கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம். தேர்வுகளை நடத்துவது எம்.எம்.டி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் வணிகக் கப்பல் துறை அலுவலகங்கள். சென்னையிலும் அலுவலகம் இருப்பது தமிழ்நாட்டு மாணவருக்குப் பெரிய வசதி. வகுப்புகளும் சென்னையிலேயே கிடைக்கின்றன. மும்பையில் 1948 முதல் இயங்கும் லால் பகதூர் சாஸ்திரி கல்லூரிக்கும் பலர் போகிறார்கள். சீஃப் மேட்டுக்கான படிப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. மாஸ்டர் நிலைக்கு ஏ.எஸ்.எம். என்ற மேம்பட்ட கப்பல் மேலாண்மைப் படிப்பை முடிக்க வேண்டும்.

இந்தியத் தேர்வுமுறையின் தனித்தன்மை, பாடங்கள் மூன்று செயற்பாடுகளாகப் பிரிந்திருப்பது: கடற்பயணம், சரக்கைக் கையாளுதலும் அடுக்குதலும், கப்பல் இயக்கமும் அதிலிருப்போர் நலமும். வாய்மொழித் தேர்வும் இதே பிரிவுப்படி தனித்தனியாக நடக்கிறது. இது ஒருவகையில் ஆறுதல். சரக்குப் பகுதியில் தடுமாறினாலும் கடற்பயணத்தில் பெற்ற தேர்ச்சி கையில் நிற்கும். மறுபக்கம், ஒன்று முடிந்து ஒன்று நிற்க, தேர்வுத் தேதிக்குக் காத்திருந்து காத்திருந்து விடுப்பு முழுவதும் கரைந்துபோகிறது. அந்த மாதங்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது.

படிப்பின் தன்மையில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நிலைத்தன்மைக் கணக்குகளுக்கு எம்.வி. ஹிந்த்ஷிப் என்ற கப்பலின் விவரக் கையேட்டை வைத்தே பயிற்சி செய்து, அந்தக் கப்பலின் எண்களுக்கே கை பழகிவிடுகிறது. பழைய வினாக்களையும் விடைகளையும் மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. தேறுகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் சொந்தக் கப்பலின் நிலைத்தன்மைக் கையேட்டை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்காதவருக்கு அந்தப் படிப்பு பாதிதான் சேர்ந்திருக்கிறது. இந்தக் குறையை மாணவரே சரிசெய்துகொள்ளலாம் என்பதால் இதை இந்திய வழிக்கு எதிரான காரணமாக நான் வைக்கவில்லை.

இன்னொரு செய்தி: 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கும் சரக்கு ரசீதுக்கும் அதே ஆண்டில் புதிய சட்டங்கள் வந்தன. சீனியரிடமிருந்து வாங்கிய பழைய குறிப்புகளை வைத்துச் சட்டத்தைப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் வழி

வெளிநாடு செல்லும் கப்பல்களின் மாஸ்டர்களும் மேட்டுகளும் தேர்வெழுதியாக வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1850இல். டஃபரின் பயிற்சிக் கப்பல் 1927இல் பம்பாயில் தொடங்கியபோது அங்கே பயின்ற இந்திய இளைஞர்கள் எட்ட விரும்பியதும் பிரிட்டிஷ் வாணிப வாரியத்தின் சான்றிதழைத்தான். "யூ.கே. டிக்கெட்" என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கும் மதிப்பு அந்தக் காலத்திலிருந்து வருவது. மதிப்பு உண்மையானதே. ஆனால் மதிப்பை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவது சரியல்ல.

இன்று அங்கே பொறுப்பில் இருப்பது கடல்சார் மற்றும் கரையோரக் காவல் முகமை. முதலில் உங்கள் கடற்பணிச் சான்றுகளை அனுப்பி, தேர்வெழுதத் தகுதியுண்டு என்ற அறிவிப்பை அவர்களிடம் பெற வேண்டும். பிறகு கிளாஸ்கோ, 1861 முதல் கடற்கல்வி நடக்கும் சவுத் ஷீல்ட்ஸ், ஃப்ளீட்வுட், வார்சாஷ் கடற்பள்ளி இயங்கும் சவுதாம்ப்டன் போன்ற இடங்களில் ஒன்றில் படிப்பு. எழுத்துத் தேர்வுகளை ஸ்காட்லாந்தின் தகுதித் தேர்வு அமைப்பு நடத்திவந்திருக்கிறது. இவற்றோடு சிமுலேட்டரில் கடற்பயணக் கருவிகளுக்கான மேலாண்மை நிலைப் பயிற்சியும், மனிதக் காரணிகள், தலைமைத்துவம், மேலாண்மை பற்றிய படிப்பும், மருத்துவப் பராமரிப்புப் பயிற்சியும் தேவைப்படும்.

பிரிட்டிஷ் வழியின் உயிர் அந்த வாய்மொழித் தேர்வில் இருக்கிறது. செயற்பாடு வாரியாகப் பிரிக்காமல், ஒரே தேர்வாளர் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்கிறார். "நீங்கள் மாஸ்டராகப் பொறுப்பேற்கக் கப்பலின் ஏணியடியில் நிற்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று தொடங்குவது வழக்கமான ஒரு கேள்வி. ஆவணங்கள், பதவி ஒப்படைப்பு, பதிவேட்டுக் குறிப்பு, நிலையான உத்தரவுகள் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அந்தக் கப்பலை அவர் பனிமூட்டத்துக்குள் கொண்டுபோவார், இயந்திரத்தை நிறுத்துவார், இன்னொரு கப்பலை உங்கள் முன்னால் வைப்பார். மோதல் தவிர்ப்பு விதிகளில், குறிப்பாகக் காட்சி மங்கிய நேரத்துக்கான 19ஆம் விதியில் தடுமாறினால் மற்ற பதில்கள் காப்பாற்றாது. இந்தியாவிலும் இதே கண்டிப்பு உண்டு. ஆனால் ஒரு முழுச் சூழ்நிலையை நடத்திச் செல்லும் இந்த முறை, மனப்பாடத்துக்கு இடம் வைப்பதில்லை. பிரிட்டனுக்குச் சாதகமாக நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

பாதகம் பணம். கல்லூரிக் கட்டணம், விசா, பவுண்டில் வாடகை, வருமானமில்லாத மாதங்கள் எல்லாம் சேர்ந்து இளம் அதிகாரியின் சேமிப்பை விழுங்கிவிடும். ஒருவேளை எழுத்துத் தாளிலோ வாய்மொழித் தேர்விலோ தவறினால், மறுதேர்வுக்கு விசா நாட்கள் போதுமா என்ற கவலை படிக்கும் மனநிலையையே கெடுக்கும். சென்னையில் தவறியவர் வீட்டில் உட்கார்ந்து மறுபடி படிக்கலாம். அந்த வசதியின் விலையைக் கணக்கில் சேர்க்காமல் கட்டணங்களை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே துறைமுக ஆணையம் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று சான்றிதழ் தருகிறது, முதல் வகுப்புதான் மாஸ்டர். ஏற்கெனவே சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியிலிருந்து, அந்த நிறுவனமே படிப்புக்கு அனுப்பும் நிலையிருந்தால் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அதைத் தேடிப் போகக் காரணம் தெரியவில்லை.

எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?

"இந்தியச் சான்றிதழை வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் ஏற்க மாட்டார்கள்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் சான்றிதழை அங்கீகரிக்கும் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியுள்ள நாடு, அதற்கு மேலொப்பம் தருகிறது. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய கொடிகளின் கீழ் இந்திய மாஸ்டர்கள் ஓடுவது இந்த வழியில்தான். பிரிட்டிஷ் கொடிக் கப்பலுக்குக்கூட, அந்நாட்டுச் சட்ட, நிர்வாக நடைமுறைகளில் தேறி, இணைத்தகுதிச் சான்றிதழ் பெற்று இந்தியச் சான்றிதழோடு ஏறலாம். ஆக, கப்பலில் வேலை என்ற ஒரே காரணத்துக்காக பிரிட்டனுக்குப் போக வேண்டியதில்லை.

வேறுபாடு கரைக்கு வந்தபின் தெரிகிறது. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் ஆக வேண்டுமா? எம்.எம்.டி.யில் ஆய்வாளராக, மத்தியத் தேர்வாணையத்தின் வழியாகச் சேர வேண்டுமா? இங்கேயே ஒரு கடற்கல்லூரியில் பாடம் சொல்ல வேண்டுமா? இந்தப் பணிகளின் அறிவிப்புகள் கேட்பது வெளிநாடு செல்லும் கப்பலுக்கான மாஸ்டர் சான்றிதழை. இந்திய அரசே வழங்கிய சான்றிதழ் வைத்திருப்பவருக்கு அங்கீகாரக் கேள்வியே எழாது. வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒவ்வோர் அறிவிப்பிலும் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு பிரிட்டனில் குடியேறும் உறுதியான திட்டம் உள்ளவர், லண்டனின் காப்பீட்டு, வழக்காடு நிறுவனங்களில் கரைப்பணியை நாடுகிறவர், ஏற்கெனவே பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆதரவோடு இருக்கிறவர்: இந்த மூவருக்கும் பிரிட்டிஷ் சான்றிதழ் செலவுக்குத் தகுந்த பலன் தரும். திருச்சியிலோ தூத்துக்குடியிலோ வீடு கட்டி, நாற்பது வயதுக்கு மேல் ஊரோடு இருக்க நினைப்பவர் இந்திய வழியை விடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர், முடிவு தெரியாததாலேயே அதிகச் செலவான வழியை எடுக்க வேண்டாம். இந்தியச் சான்றிதழோடு மேலொப்பங்கள் வழியே உலகம் முழுவதும் ஓடிக்கொண்டே யோசிக்கலாம்.

கடலோர எல்லைக்குட்பட்ட பயணத்துக்கான சான்றிதழை எளிது என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான செகண்ட் மேட் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

கட்டணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் இறங்கும்போதே பணிச்சான்றை வாங்கிச் சரிபாருங்கள்: ஏறிய தேதி, இறங்கிய தேதி, கப்பலின் டன்னேஜ், பதவி, காவல் நின்ற மாதங்கள், மாஸ்டரின் கையெழுத்தும் முத்திரையும். பணிச்சான்றில் உள்ள தேதியும் கடற்பணிப் பதிவுப் புத்தகத்தில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிட்டனுக்கென்றால், விசாவுக்கும் கல்லூரி இடத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே இந்தச் சான்றுகளை அனுப்பித் தகுதி அறிவிப்பைக் கையில் வாங்கிவிடுங்கள். இந்தியாவில் என்றால், தலைமை இயக்குநரகத்தின் இணையக் கணக்கில் இண்டோஸ் எனப்படும் உங்கள் கடலோடிப் பதிவு எண்ணுக்குக் கீழ் ஒவ்வொரு பயணமும் பதிவாகியிருக்கிறதா என்று வகுப்பு தொடங்கும் முன்பே பாருங்கள்; விடுபட்டவற்றை நிறுவனத்திடம் சொல்லிச் சரிசெய்ய அப்போதுதான் அவகாசம் இருக்கும்.